யார் யார் தப்பித்தார்கள்? – ஆகாய விபத்துப் படங்களும் நம் மக்களும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விமானம் விழும் படங்களை மக்கள் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்?" என்பது இன்று நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், பிறர் துன்பத்தைக் கண்டு சுவைக்கும் மனக்கோளாறு இது என்று சொல்லி அமர்ந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. காரணம், ஒரு பாட்டி.

நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். 1980-களின் தொடக்கத்தில் எங்கள் தோட்ட மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மாலையில் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, லயத்துச் சனம் பாயோடு வந்துவிடும். ஓர் இரவு அதில் 'ஏர்போர்ட்' என்ற ஆங்கிலப் படம் போட்டார்கள். பேச்சு ஆங்கிலம், அடியில் மலாய் எழுத்து. கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டுமே தெரியாது. ஆனாலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்திருக்கிறாரே தவிர கிட்டத்தில் பார்த்ததில்லை. படம் முடிந்ததும் என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

"ஏய்யா, யார் யார் தப்பிச்சா?"

சொன்னேன். "குண்டு வச்சவன் செத்துட்டான் பாட்டி. அந்தப் பணிப்பொண்ணுக்குப் பலத்த காயம். மத்தவங்க பொழச்சிட்டாங்க." பாட்டி விடவில்லை. "குண்டு வச்சவன் பொண்டாட்டி அழுதாளே, அவ கதி என்ன?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை.

நேயர்களே, பிறர் சாவதைப் பார்த்து மகிழ்கிறவர் கேட்கும் கேள்வியா இது? இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தப் பாட்டியின் கேள்வியைச் சுற்றித்தான்.

அச்சமும் ஒரு மெய்ப்பாடு

நம் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தையும் அழுகையையும் அவற்றில் சேர்த்திருக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வத்துக்கும் புலிக்கும் திருடனுக்கும் அரசனுக்கும் மனிதன் அஞ்சினான். இயந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. அது இருபதாம் நூற்றாண்டு நமக்குக் கொடுத்த ஐந்தாவது அச்சம்.

அச்சத்தையும் அழுகையையும் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்துத் திருவிழாக்களில் அரிச்சந்திர நாடகம் போட்டார்களே, மயான காண்டம் வரும் என்று தெரிந்துதானே மக்கள் விடிய விடியக் காத்திருந்தார்கள்? செத்த பிள்ளையை மடியில் போட்டுச் சந்திரமதி புலம்பும்போது அழுதார்கள். அதை மனக்கோளாறு என்று யாரும் சொன்னதில்லை. மயான காண்டத்துக்குப் பின் அந்தப் பிள்ளை எழுந்து வருவான் என்ற நிச்சயம் அவர்களுக்கு இருந்தது. அந்த நிச்சயம் இருந்ததால்தான் அவ்வளவு அழுகையையும் தாங்கிக்கொள்ள முடிந்தது.

படங்கள் பிறந்த கதை

ஆகாய விபத்துப் படங்களின் வரலாற்றில் முக்கியமான பெயர் ஆர்தர் ஹெய்லி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர். போருக்குப் பின் கனடாவில் குடியேறினார். ஒருநாள் விமானத்தில் பயணியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது: முன்னே இருக்கும் இரண்டு விமானிகளுக்கும் ஒரே நேரத்தில் உடம்பு முடியாமல் போனால் என்ன ஆகும்? அதையே ஒரு தொலைக்காட்சி நாடகமாக எழுதினார். 1956-ஆம் ஆண்டு கனடாவில் அது ஒளிபரப்பானது. கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு விமானிகள் மயங்கிவிட, பயணிகளில் ஒருவரான பழைய போர் விமானி கையும் காலும் நடுங்க விமானத்தை இறக்குவதுதான் கதை. மறு ஆண்டே அது 'ஜீரோ ஹவர்' என்ற பெயரில் ஹாலிவுட் படமாகியது.

பிறகு 1968-இல் ஹெய்லி 'ஏர்போர்ட்' நாவலை எழுதினார். 1970-இல் அது படமாக வந்து உலகெங்கும் ஓடியது. வேலையிழந்த ஒருவன், தான் செத்தால் மனைவிக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கும் என்று எண்ணிக் கைப்பெட்டியில் வெடிகுண்டோடு விமானம் ஏறுகிறான். காப்புறுதிப் பணத்துக்காக விமானத்தில் குண்டு வைப்பது வெறும் கற்பனை அன்று. 1955 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரத்திலிருந்து கிளம்பிய விமானம் வெடித்து 44 பேர் மாண்டார்கள். பெற்ற தாயின் பெட்டியில் மகனே குண்டு வைத்திருந்தான்.

படம் வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1970 ஜனவரியில்தான் ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747 பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதுவரை வசதி படைத்தவர்களின் வாகனமாக இருந்த விமானம், சாதாரண மக்களை நூற்றுக்கணக்கில் ஏற்றிச் செல்லத் தயாரானது. புதிதாக ஏறப் போகிறவர்களின் பயம் அந்தப் படங்களின் மூலதனமாகியது. 1974-இல் 'ஏர்போர்ட் 1975', 1977-இல் 'ஏர்போர்ட் 77', 1979-இல் கான்கார்டு விமானத்தை வைத்து இன்னொன்று என்று வரிசையாக வந்தன. 1980-இல் 'ஏர்பிளேன்' என்ற நகைச்சுவைப் படம், பழைய 'ஜீரோ ஹவர்' கதையையே எடுத்துக் கேலி செய்தது. பயந்து பயந்து அலுத்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. முதல் அரை மணி நேரம் விமானம் விழாது. யார் யார் ஏறுகிறார்கள் என்று காட்டுவார்கள். ஒரு கிழவி, ஒரு கன்னிகாஸ்திரி, ஒரு குழந்தை, மனைவியோடு சண்டை போட்ட கணவன், பணக்காரன், பயந்தவன். பிறகு ஆபத்து. ஆபத்துக்கு ஒரு காரணம். கடைசியில் கணக்கு: இவர் பிழைத்தார், இவர் போனார். யார் இருந்தார்கள், ஏன் நடந்தது, யார் தப்பித்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும். மக்களை அங்கே இழுத்து உட்கார வைப்பது அந்த விடைதான் என்கிறேன் நான்.

கப்பலிலிருந்து விமானத்துக்கு

தோட்டத்து மக்களுக்கு இந்தப் படங்கள் ஏன் ஒட்டின? ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு அந்தப் பணக்காரப் பயணிகளோடு என்ன உறவு?

நம்மவர்களின் பயண வரலாற்றை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை அந்த வழியில் ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. அதன் பிறகு ஊருக்குப் போக வேண்டுமென்றால் விமானம்தான்.

கப்பலில் அடுப்புப் புகையும் ஆட்களின் சண்டையும் கடல் காற்றும் இருந்தன. பல நாள் பயணத்தில் பக்கத்தில் படுத்தவர் கப்பல் சொந்தமாகிவிடுவார். விமானத்தில் அப்படி இல்லை. பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாது. ஓட்டுகிறவர் முகமும் தெரியாது. கதவைச் சாத்திவிட்டால் நம் கையில் எதுவும் இல்லை. ஒரே கூண்டுக்குள் பணக்காரனும் ஏழையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நிலையைத் தோட்டத்து மனிதர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். தங்கள் வாழ்வை யாரோ எங்கோ இருந்து ஓட்டுகிறார் என்ற உணர்வு லயத்துக்குப் புதிது அன்று.

1977: படமும் நிஜமும்

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 1977-ஆம் ஆண்டை ஆகாய விபத்தின் ஆண்டு என்றே சொல்லலாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் 'ஏர்போர்ட் 77' அமெரிக்காவில் வெளியானது. ஒரு ஜம்போ ஜெட் கடலில் மூழ்கி அடித்தரையில் கிடக்கிறது. உள்ளே பயணிகள் உயிரோடு இருக்கிறார்கள். கடற்படை வந்து விமானத்தை மேலே தூக்குகிறது. அதே மார்ச் மாதம் 27-ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் இரண்டு நிஜ ஜம்போ ஜெட்டுகள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டார்கள்.

செப்டம்பர் 27-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுபாங்கில் இறங்க வந்தபோது எல்மினா தோட்டத்து மேட்டில் மோதியது. மோசமான வானிலையில், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமுன்பே அனுமதித்த உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் 79 பேர். 34 பேர் இறந்தார்கள், 45 பேர் பிழைத்தார்கள். அந்த விபத்துக்குக் கணக்கும் இருந்தது, காரணமும் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு, மாஸ் நிறுவனத்தின் எம்.எச். 653 விமானம் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பியது. சுபாங்கை நெருங்கும்போது, விமானத்துக்குள் கடத்தல்காரன் இருப்பதாகக் கேப்டன் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னார். விமானம் சிங்கப்பூரை நோக்கித் திரும்பியது. சிங்கப்பூர் போய்ச் சேரவில்லை. ஜொகூரில் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 100 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமது, கியூபாவின் தூதர் ஆகியோரும் அதில் இருந்தார்கள். மாஸ் நிறுவனத்தின் வரலாற்றில் உயிர்ப்பலி வாங்கிய முதல் விபத்து அது. யாரை யார் என்று பிரித்து அடையாளம் காண முடியாத நிலையில், எஞ்சியவற்றை ஜொகூர் பாருவில் கெபுன் தே சாலையில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள்.

கடத்தியது யார்? எதற்காக? கடைசி நிமிடங்களில் விமானிகளின் அறையில் நடந்தது என்ன? ஐயமின்றி யாராலும் நிறுவ முடியவில்லை. பாட்டியின் கேள்விக்கு விடை தெரியும்: யாரும் தப்பிக்கவில்லை. மற்ற கேள்விகள் அந்த மண்ணுக்குள்ளேயே போய்விட்டன.

சுபாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருக்கிறது நம் மலாக்கா. எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றிப் பல வருஷம் பேசினார்கள். ஆளுக்கொரு கதை, ஒரு கதையும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. நான் சிறுவன், அவர்கள் சும்மா அளக்கிறார்கள் என்று நினைத்தேன். முடிவு இல்லாத சம்பவத்துக்குத் தாங்களே ஒரு முடிவு கட்டப் பார்த்தார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. சில ஆண்டுகள் கழித்து 'ஏர்போர்ட்' படத்தை மண்டபத்தில் பார்த்தவர்கள் அதே மனிதர்கள்தான். குண்டு வைத்தவன் பெயர் தெரிந்தது, காரணம் தெரிந்தது, விமானம் தரை இறங்கியது. எம்.எச். 653 அவர்களுக்குத் தராததை அந்தப் படம் தந்தது.

தமிழ்த் திரையைத் தொட்ட விபத்துகள்

தமிழ்ப் படங்களில் விமானம் நெடுங்காலம் வழியனுப்பும் இடமாகத்தான் இருந்தது. காதலன் படியேறுவான், காதலி கையசைப்பாள், அதோடு சரி. விமானத்துக்குள்ளேயே கதையை நடத்திய தமிழ்ப் படம் என்றால் 2011-இல் ராதா மோகன் இயக்கிய 'பயணம்' நினைவுக்கு வரும். கடத்தப்பட்ட விமானம் திருப்பதியில் இறங்கும் கதை. அங்கேயும் பாருங்கள், நமக்கு மனதில் நிற்பவர்கள் உள்ளே மாட்டிக்கொண்ட பயணிகள்தான்.

ஆனால் நிஜ விபத்து தமிழ்த் திரைக்குள் முன்பே புகுந்துவிட்டது. 1976 அக்டோபர் 12-இல் பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் எஞ்சின் தீப்பிடித்தது. திரும்பி இறங்க முயன்றபோது விழுந்து, உள்ளே இருந்த 95 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் நடிகை ராணி சந்திரா. அவருடைய தாயும் மூன்று தங்கைகளும் அதே விமானத்தில் இருந்தார்கள். சிவகுமாரோடு அவர் நடித்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி' அப்போது முடிந்திருக்கவில்லை. அவரைப் போன்ற சாயலுடைய வேறொரு பெண்ணை வைத்து மிச்சக் காட்சிகளை எடுத்து அந்த ஆண்டே வெளியிட்டார்கள்.

பார்த்தவர்களுக்குக் கதாநாயகி இறந்துவிட்டார் என்று தெரியும். எந்தக் காட்சியில் அவர் இருக்கிறார், எந்தக் காட்சியில் இல்லை என்று தேடிக்கொண்டே பார்த்தார்கள். திரையில் முடிவு இருந்தது. திரைக்கு வெளியே ஒரு குடும்பமே இல்லாமல் போயிருந்தது.

2004 ஏப்ரல் 17-இல் 'அருணாசலம்', 'படையப்பா' படங்களில் நாம் கண்ட சௌந்தர்யா, பெங்களூரில் சிறிய விமானம் விழுந்து இறந்தார். அதற்குப் பின் 'படையப்பா' தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் "பாவம், இந்தப் பிள்ளை" என்று சொல்லாமல் இருந்ததில்லை. படக்காட்சியைப் பார்த்து நிஜ மனிதருக்காக வருந்தும் மனம் அது.

படம் சொல்லாதது

இவ்வளவு பேசிவிட்டு, இந்தப் படங்களின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நண்பரின் கோபத்தில் நியாயம் இருப்பது இங்கேதான்.

முதல் குறை, படத்துக்கு வில்லன் வேண்டும். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விமானம் பறவைக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோக, கேப்டன் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். 2016-இல் 'சல்லி' என்ற பெயரில் அதைப் படமாக்கியபோது, கதைக்கு எதிராளி தேவைப்பட்டான். விசாரணை அதிகாரிகளைக் கேப்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துடிப்பவர்களாகக் காட்டிவிட்டார்கள். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை என்று அந்த விசாரணையில் இருந்தவர்கள் குறைப்பட்டார்கள்.

இரண்டாவது குறை, எல்லாரும் பிழைத்தால் படம் சுவைக்காது. 1983 டிசம்பர் 18-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாஸ் ஏர்பஸ் மோசமான வானிலையில் சுபாங் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதி எரிந்துபோனது. உள்ளே இருந்த 247 பேரும் வெளியேறிவிட்டார்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை. நம் நாட்டில் நடந்த இந்த அதிசயத்தை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

மூன்றாவது குறைதான் பெரியது. காரணம் இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிடும் என்று படம் நம்மைப் பழக்கிவிடுகிறது. நிஜத்தில் காரணம் என்பது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உட்கார்ந்து தேடும் வேலை.

1954-இல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்றே மாத இடைவெளியில் இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறின. விசாரணையாளர்கள் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார்கள். வளைத்து வளைத்து ஒடிக்கும் கம்பிபோல, உலோகம் களைத்து விரிசல் விடுவதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் உலகமே விமானம் கட்டும் முறையை மாற்றிக்கொண்டது.

அந்தக் காமெட் ஆய்வில் யோசனை சொல்ல அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. 1934-இல் அவருக்கு ஒன்பது வயது. அவருடைய தந்தை போன விமானம் டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் இடையே கடலில் காணாமல் போனது. அதில் இருந்த 12 பேரும் என்ன ஆனார்கள் என்று தெரியவே இல்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து, விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் பதிவு செய்யும் ஒரு பெட்டியை உருவாக்கினார். அதைத்தான் இன்று நாம் கறுப்புப் பெட்டி என்கிறோம்.

தப்பித்தவர் ஒருவரும் இல்லாதபோது, நடந்ததைச் சொல்ல ஏதாவது ஒன்று தப்பித்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் வேலை அதுதான்.

நம் காலத்து விடையற்ற கேள்வி

2014 மார்ச் 8-ஐ இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய எம்.எச். 370 விமானம் 239 பேரோடு மறைந்தது. இந்தியப் பெருங்கடலில் 1,20,000 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சலித்துவிட்டு 2017 ஜனவரியில் தேடலை நிறுத்தினார்கள். 2015-இல் ரீயூனியன் தீவில் ஓர் இறக்கைப் பகுதி கரை ஒதுங்கியது. 2018 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2025-இலும் கப்பல் போய்த் தேடியது.

விமானம் மறைந்த மூன்று மாதத்துக்குள், அதைப் படமாக்கப் போவதாகக் கான் திரைப்பட விழாவில் விளம்பரம் செய்தார்கள். குடும்பங்கள் செய்திக்காகக் காத்திருந்த காலம் அது. அவர்கள் கேள்விக்கு விடை வருமுன்பே அடுத்தவர் முடிவு எழுதி விற்கக் கிளம்பினார். நண்பர் சொன்ன கோளாறு இதுதான் என்றால், அதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் நாமும் கைகழுவிவிட முடியாது. கடத்தினார்கள், ஒளித்து வைத்திருக்கிறார்கள், விமானி செய்தார் என்று எத்தனை கதைகளை நாம் கோப்பிக் கடையில் சொன்னோம், கைப்பேசியில் அனுப்பினோம்! 1977-இல் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் கட்டிய கதை லயத்தைத் தாண்டிப் போகவில்லை. 2014-இல் நாம் கட்டிய கதை, விமானத்தில் போனவரின் மனைவியும் பிள்ளையும் படிக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1977-இல் ஜப்பான் விமானம் விழுந்த எல்மினா தோட்டம் பின்னாளில் குடியிருப்பு நகரமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 17-இல் லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சிறிய விமானம் அதே எல்மினாவில் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் சாலையில் சென்ற இருவரும் இறந்தார்கள். காரில் பொருத்தியிருந்த காமிராவில் அது பதிவாகியது. அன்றே அந்தக் காட்சி நாடு முழுக்கக் கைப்பேசியில் ஓடியது. இறந்தவர் யார் என்று வீட்டாருக்குத் தெரியுமுன்பே நம்மில் பலர் அதைப் பார்த்து முடித்திருப்போம்.

இந்த இடத்தில்தான் படத்துக்கும் நிஜத்துக்கும் கோடு போட வேண்டும். படத்தில் முதல் அரை மணி நேரம் மனிதர்களைக் காட்டுவார்கள், பிறகுதான் விமானம் விழும். கைப்பேசிக் காட்சியில் மனிதர்களே இல்லை. நெருப்பும் புகையும் சில நொடிகள், அவ்வளவுதான். யார் இருந்தார்கள் என்று தெரியாமல், ஏன் என்று கேட்காமல், விழுவதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மயான காண்டத்தைப் பார்த்து அழுதவர்கள் அரிச்சந்திரனின் கதையை முதலிலிருந்து அறிந்தவர்கள். சுடுகாட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அல்லர்.

ஆகவே நடுவர் அவர்களே, என் முடிவு இது. ஆகாய விபத்துப் படங்களை விரும்புவது நோய் அன்று. நிஜம் மறுக்கும் விடையைக் கதையிலாவது கேட்டு வாங்கும் மனித ஏக்கம் அது. அந்த ஏக்கம் நல்லதா கெட்டதா என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. "எப்படி விழுந்தது, காட்டு" என்று கேட்டால் அது வெறும் வேடிக்கை. "யார் யார் தப்பித்தார்கள்" என்று கேட்டால் அது அக்கறை. அதற்கும் மேலே, குண்டு வைத்தவன் மனைவியின் கதியைக் கேட்டாரே, அந்தப் பாட்டி நம் எல்லாரையும்விடப் பெரிய ரசிகை.

அடுத்த முறை ஒரு விபத்துக் காட்சி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், நேயர்களே, அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் பாட்டியின் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அனுப்பத் தோன்றாது என்பது என் நம்பிக்கை.